தோள் தாங்கும் படகு

தமிழில் குளம் என்றால் யாரோ வெட்டியது. கரை போட்டவர், மடை வைத்தவர், தூர் வாரியவர் என்று அதன் பின்னால் மனிதக் கை இருக்கும். நியூயார்க் மாநிலத்தின் வடக்கே, அடிராண்டாக் மலைகளில் 'பாண்ட்' என்று சொல்லப்படும் குளங்களுக்கு அப்படி யாரும் கிடையாது. 10,000 ஆண்டுகளுக்கும் முன்னால் பனிப்பாளங்கள் மலையைச் சுரண்டிக்கொண்டு பின்வாங்கியபோது விட்டுப்போன பள்ளங்கள் அவை. நம் மலைச் சுனைகளைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஓரளவு பிடிபடும். 1892இல் அந்த மலைப்பகுதியில் அடிராண்டாக் பூங்காவை அறிவித்தார்கள். இன்று அதன் பரப்பு ஏறத்தாழ 60 லட்சம் ஏக்கர், தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அதில் பாதிக்கும் சற்றுக் குறைவான நிலம் அரசுடையது, மீதி தனியாருடையது. அரசு நிலத்தை விற்கக் கூடாது, அதில் மரம் வெட்டக் கூடாது, அது என்றென்றும் காடாகவே இருக்க வேண்டும் என்று 1894இல் மாநில அரசியலமைப்பிலேயே எழுதி வைத்தார்கள். ஏரியும் குளமுமாக அங்கே ஏறத்தாழ 3,000 நீர்நிலைகள் உண்டு. சிலவற்றின் கரையில் காரை நிறுத்திவிட்டுத் தூண்டில் போடலாம். வேறு சிலவற்றுக்குச் சாலை கிடையாது. சிறு படகைத் தோளில் தூக்கிக்கொண்டு, வேரும் பாறையும் சேறுமான ஒற்றையடிப் பாதையில் நடந்துதான் போக வேண்டும். அப்படிப்பட்ட குளமொன்றில் கயாக்கில் உட்கார்ந்து டிரவுட் பிடிக்கும் ஒரு நாளைத்தான் இந்தக் கட்டுரை பேசுகிறது. அந்த நடை, மீன்பிடிப்புக்கு முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு கழிக்க வேண்டிய தொல்லை என்றே பலரும் நினைக்கிறார்கள். அந்தக் குளத்து மீனுக்கு இருக்கும் வேலியே அந்த நடைதான் என்பது என் வாதம்.

மீனைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதன் இயல்பில்தான் எல்லாம் தொடங்குகிறது. அங்கே பூர்வீகமாக வாழ்வது புரூக் டிரவுட், அதாவது ஓடை டிரவுட். பெயரில் டிரவுட் இருந்தாலும் மீனியலார் இதை 'சார்' என்ற இனப்பிரிவில் சேர்க்கிறார்கள். முதுகில் புழு ஊர்ந்த தடம்போல வளைவு வளைவான கோடுகள், விலாவில் நீல வளையத்துக்குள் சிவப்புப் புள்ளிகள், அடிச்செட்டைகளின் ஓரத்தில் சுண்ணாம்பு தடவியது போன்ற வெள்ளை விளிம்பு. இலையுதிர் காலத்தில் ஆண் மீனின் வயிறு செம்பருத்திப் பூவைப்போலச் சிவந்துவிடும். 1975இல் இதை மாநில மீனாக நியூயார்க் அறிவித்தது. அழகுக்கு ஏற்ற உறுதி இதற்கு இல்லை. தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தவிக்கத் தொடங்கும். நிறைய ஆக்சிஜன் வேண்டும். முட்டையிடுவதற்கும் கண்ட இடம் போதாது. குளத்தடியில் எங்கே சரளைக்கல் வழியாக ஊற்று மேலெழுகிறதோ அந்த இடத்தைத் தேடி, அக்டோபர், நவம்பரில் வாலால் குழி பறித்து இடும். மேலே பனி மூடிக் கிடக்கும் மாதங்களில் அந்த ஊற்றுத்தண்ணீர்தான் முட்டைக்கு மூச்சு. இந்தக் குளங்களில் ஓடை டிரவுட்டின் ஆயுளும் பெரும்பாலும் சில ஆண்டுகளே. இவற்றையெல்லாம்விடப் பெரிய பலவீனம் ஒன்று உண்டு. பனிப்பாளம் உருகிய பிறகு அந்த உயரத்துக் குளங்களுக்கு ஏறி வந்து சேர்ந்த மீனினங்கள் மிகச் சில. பகையும் போட்டியும் அதிகமில்லாத வீட்டில் வளர்ந்த பிள்ளையைப்போல, கூட்டமாக வந்து இரையைப் பறிக்கும் மீன்களோடு மல்லுக்கட்ட இது பழகவில்லை. மஞ்சள் பெர்ச்சும் பாஸும் புகுந்த குளத்தில் சில ஆண்டுகளிலேயே ஓடை டிரவுட் மெலிந்து, குறைந்து, இல்லாமலே போய்விடும்.

அந்தக் குளங்களில் பனி ஏப்ரல் கடைசியில் அல்லது மே தொடக்கத்தில் உடைகிறது. அதற்குப் பிந்திய சில வாரங்களுக்காகத்தான் மீன்பிடிப்பவர்கள் குளிர்காலம் முழுவதும் காத்திருக்கிறார்கள். அப்போது மேலிருந்து கீழ்வரை தண்ணீர் ஏறத்தாழ ஒரே குளிர்ச்சியில் இருக்கும். டிரவுட் எந்த ஆழத்திலும் இருக்கலாம், வெயில் படும் ஆழமற்ற ஓரங்களுக்கு இரை தேடியும் வரும். கோடை முற்றியதும் தண்ணீர் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடுகிறது: மேலே வெதுவெதுப்பு, கீழே குளிர். மீன் குளிர்ந்த அடுக்குக்கோ ஊற்றுக்கண்ணுக்கோ இறங்கிவிடும். வசந்தகாலத்தில் கயாக்கின் வேகம் ஒரு கருவியாகவே மாறுகிறது. அடிராண்டாக் குளங்களின் பழைய முறை, 'லேக் கிளியர் வாப்ளர்' என்ற உலோகக் கரண்டியை நரம்பில் கட்டி, அதற்குப் பின்னால் ஒரு முழம் விட்டு, மண்புழு கோத்த முள்ளையோ இறகும் நூலும் சுற்றி ஈயைப்போலக் கட்டிய பொய்யிரையையோ இழுத்துச் செல்வது. கரண்டிக்கு மீனை மாட்டும் வேலை இல்லை. ஆடி ஆடி மினுங்கி மீனைக் கூப்பிடுவது மட்டுமே அதன் வேலை. வேகமாக இழுத்தால் அது ஆடாமல் சுழன்றுவிடும், நரம்பு முறுக்கிக்கொள்ளும். மனிதர் நடக்கும் வேகத்தில் பாதி போதும், அந்த வேகத்தைத் துடுப்பு தானாகவே தருகிறது. வலப்பக்கம் ஒரு வலிப்பு, இடப்பக்கம் ஒரு வலிப்பு என்று கயாக் நகரும்போது, ஒவ்வொரு வலிப்புக்கும் கரண்டி சற்றே துள்ளி, சற்றே தாழ்கிறது. ஒரே வேகத்தில் உருளும் மோட்டாரால் வராத நடை அது.

சத்தமும் ஒரு காரணம். காற்றில் செல்வதைவிட நான்கு மடங்குக்கும் அதிக வேகத்தில் ஒலி தண்ணீரில் பாய்கிறது. அலுமினியப் படகில் ஒரு டப்பாவைக் கீழே போட்டால் அந்தக் குளம் முழுவதும் கேட்கும். கயாக்கில் மனிதர் நீர்மட்டத்தை ஒட்டி உட்கார்ந்திருப்பதால் மீனின் கண்ணுக்கு அவருடைய உருவமும் சிறியது. ஆனால் அந்தச் சிறுமைக்குக் கொடுக்க வேண்டிய விலை உண்டு, அதைச் சொல்லாமல் கயாக்கைப் புகழ்வது பொறுப்பில்லாத செயல். காற்று எழுந்தால் இலேசான படகு சருகுபோல அடித்துச் செல்லப்படும். ஒரு கையில் கம்பும் மறு கையில் மீனுமாக இருக்கும்போது துடுப்பைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. பனி உடைந்த வாரத்துத் தண்ணீர் 5, 6 டிகிரியில் நிற்கும். அதில் விழுந்தவருக்கு நீச்சல் தெரிந்திருந்தாலும் முதல் நிமிடத்தில் மூச்சு தானாகவே இழுத்துக்கொள்ளும், அந்த நேரத்தில் வாய் தண்ணீருக்குள் இருந்தால் அதோடு கதை முடியும். நவம்பர் 1 முதல் மே 1 வரை 21 அடிக்குக் குறைவான எந்தப் படகில் இருப்பவரும் உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று நியூயார்க் சட்டம் சொல்வது இதனால்தான். படகில் வைத்திருந்தால் போதாது, உடம்பில் இருக்க வேண்டும். சாலையில்லாக் குளத்தில் உதவிக்குக் கூப்பிட்டாலும் வருவதற்கு ஆள் இருக்காது என்பதால், மே மாதம் முழுக்கவே அதைக் கழற்றாமல் இருப்பதுதான் அறிவு.

இந்தப் படகின் கதையில் இருவரைச் சொல்லாமல் நகர முடியாது. கயாக்கின் மூலவர்கள் ஆர்க்டிக் கடற்கரை மக்கள். மரச்சட்டத்தின் மேல் கடல்நாய்த் தோலை இழுத்துத் தைத்து, இருபுறமும் தட்டையான ஒற்றைத் துடுப்பால் அதைச் செலுத்தி வேட்டையாடினார்கள். அந்த இருமுனைத் துடுப்பு அடிராண்டாக் குளங்களுக்கு வந்து பிரபலமானது 1880களில். அதற்கு முன்பு அந்த மலைக்குப் போக வேண்டுமானால் பணம் கொடுத்து வழிகாட்டி ஒருவரை அமர்த்த வேண்டும். அவர்தான் படகை வலிப்பார், குளத்துக்குக் குளம் அதைத் தோளில் சுமப்பார், சமைப்பார். ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ் என்ற எழுத்தாளர் 'நெஸ்முக்' என்ற புனைபெயரில் எழுதியவர். பென்சில்வேனியாக்காரர், மெலிந்த உடம்பு, நோயாளி, வசதி இல்லாதவர். கான்டன் ஊரில் படகு கட்டிய ஜே. ஹென்றி ரஷ்டனிடம், தன்னால் சுமக்கக்கூடிய படகு வேண்டும் என்று அவர் கேட்டார். ரஷ்டன் ஒவ்வொரு முறையும் எடையைக் குறைத்துக்கொண்டே போய், 1883இல் தேவதாரு வகைப் பலகையால் 9 அடி நீளத்தில் ஒன்றைக் கட்டிக் கொடுத்தார். அதன் எடை பத்தரை பவுண்டு, ஐந்து கிலோவுக்குக்கூடச் சற்றுக் குறைவு. ஒரு குடம் தண்ணீரில் பாதி கனம் இருக்காது. 'சேரி கேம்ப்' என்ற பெயர் கொண்ட அந்தப் படகில், இருமுனைத் துடுப்போடு, அறுபது வயது கடந்த சியர்ஸ் தனியாக 266 மைல் சுற்றி வந்தார். திறந்த மேற்புறம் கொண்ட அந்த வகைப் படகும் கயாக்கும் இன்று மீன்பிடிப்பவர்களின் பேச்சில் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. தாழ உட்கார்ந்து இருமுனைத் துடுப்பால் வலிப்பது இரண்டுக்கும் பொது. அன்று ரஷ்டனுக்குச் சியர்ஸ் வைத்த கணக்கு இன்றும் மாறவில்லை: குளத்துக்கு எவ்வளவு தூரம் என்பதைத் தோள் தீர்மானிக்கிறது, தோள் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதைப் படகின் எடை தீர்மானிக்கிறது.

செயின்ட் ரீஜிஸ் படகுப் பகுதி இந்தக் கணக்கு அப்படியே சட்டமான இடம். ஏறத்தாழ 18,000 ஏக்கர், 58 நீர்நிலைகள், ஒன்றிலும் மோட்டார் கூடாது, நீரில் இறங்கும் விமானமும் கூடாது. குளத்துக்கும் குளத்துக்கும் நடுவே படகைத் தூக்கிச் செல்லும் பாதைக்கு அங்கே 'கேரி' என்று பெயர். 'ஏழு கேரி', 'ஒன்பது கேரி' என்று வழித்தடங்களுக்கே அப்படித்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். வழக்கமாகப் புறப்படும் லிட்டில் கிளியர் குளத்தில் தூண்டில் போடவே அனுமதி இல்லை, மாநில மீன் பண்ணைக்கான தாய் சால்மன்களை அங்கே வளர்க்கிறார்கள். அதைக் கடந்து, படகைத் தலைமேல் கவிழ்த்து நடந்தால்தான் செயின்ட் ரீஜிஸ் குளம். அங்கிருந்து அடுத்தது, அதற்கடுத்தது. ஒவ்வொரு கேரியிலும் கொண்டுவந்த பொருளில் ஏதோ ஒன்று அநாவசியமாகத் தெரியத் தொடங்கும். ஐஸ் பெட்டி, இரண்டாவது கம்பு, நாற்காலி என்று அடுத்த முறை கழித்துவிட்டுத்தான் வருவார்கள். முதலில் கழியும் பொருள் எது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. உயிர்மீன் இரை நிரம்பிய வாளியை யாரும் தோளில் படகோடு சேர்த்து இரண்டு கிலோமீட்டர் சுமப்பதில்லை.

அந்த வாளியைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. சாயங்காலம் வீடு திரும்பும்போது மிஞ்சிய இரைமீனைக் கொல்ல மனமில்லாமல் தண்ணீரில் கொட்டிவிட்டுப் போவது எந்த நாட்டிலும் நடப்பதுதான். 'பாவம், பிழைத்துப் போகட்டும்' என்ற அந்த இரக்கம் ஒரு குளத்தின் பூர்வீக மீன் முழுவதற்கும் முடிவாகலாம். தனக்குப் பிடித்த மீன் அருகிலேயே கிடைக்க வேண்டும் என்று தெரிந்தே கொண்டுவந்து விடுபவர்களும் இருக்கிறார்கள். லிட்டில் டப்பர் ஏரியில் நடந்தது இதற்குக் கண்ணெதிர் சாட்சி. நெடுங்காலம் தனியார் எஸ்டேட்டுக்குள் இருந்த ஏரி அது. அங்கிருந்த ஓடை டிரவுட், வெளி மீன் கலப்பில்லாத பாரம்பரிய வகைகளில் ஒன்றாக இன்றும் ஏரியின் பெயராலேயே அறியப்படுகிறது. 1998இல் மாநிலம் அந்த இடத்தை வாங்கிப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. மோட்டாருக்குத் தடை, உயிரிரைக்குத் தடை, பிடித்த டிரவுட்டைத் திரும்ப விட்டுவிட வேண்டும் என்ற விதி, எல்லாம் காகிதத்தில் இருந்தன. சில ஆண்டுகளுக்குள் அங்கே பாஸ் மீன் தென்பட்டது. சட்டவிரோதமாக யாரோ கொண்டுவந்து விட்டது. மோட்டாரைத் தடுத்த விதியால் பாஸைத் தடுக்க முடியவில்லை, ஏனென்றால் ஏரிக்கரைவரை சாலை இருந்தது. திறந்துவிட்டதே தவறு என்று நான் சொல்லவில்லை, பொதுப்பணத்தில் வாங்கிய ஏரி பொதுமக்களுக்குத்தான். ஆனால் எச்சரிக்கைப் பலகை செய்ய முடியாத வேலையை இரண்டு கிலோமீட்டர் சேறு செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

நம் பக்கத்து ஆட்களுக்கு டிரவுட் என்றதும் நீலகிரியோ நுவரெலியாவோ நினைவுக்கு வரும். ஆங்கிலேயர்கள் தங்கள் பொழுதுபோக்குக்காகக் கடல் கடந்து கொண்டுவந்து அந்த மலைநீரில் விட்ட மீன் அது. நீலகிரியின் அவலாஞ்சியில் அதற்கென்றே குஞ்சு பொரிப்பகம் அமைத்தார்கள். அடிராண்டாக்கில் பூர்வீகக் குடியான மீன்குடும்பம் இங்கே வந்தேறி. இரண்டு இடத்திலும் ஓடைக்குச் சொந்தமான மீனுக்கு ஆபத்து வந்த வழி ஒன்றுதான், யாரோ ஒருவர் கையில் இருந்த பாத்திரம்.

இங்கே ஒரு பலமான மறுப்பு எழும், எழ வேண்டும். தூரம்தான் காவல் என்றால் அமில மழை எப்படி வந்தது? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது, ஏனென்றால் அமில மழையில் அதிகம் அடிபட்டவை மனிதக் கால் அரிதாகவே படும் உயரமான குளங்கள்தான். நூற்றுக்கணக்கான மைல் மேற்கே, ஒஹாயோ ஆற்றுப் பகுதியில் நிலக்கரி எரித்த மின்நிலையங்களின் கந்தகப் புகை காற்றோடு வந்து, மழையாகவும் பனியாகவும் அடிராண்டாக்கில் இறங்கியது. அந்த மலையின் பாறையில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. அமிலத்தை முறிக்கும் சக்தி மண்ணுக்கு இல்லை. அமிலம் மண்ணிலிருந்த அலுமினியத்தைக் கரைத்துக் குளத்துக்குக் கொண்டுபோனது, அது மீனின் செவுளில் படிந்து மூச்சை அடைத்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் கார்ல் ஸ்கோஃபீல்டு 1970களிலேயே இதை ஆராய்ந்து எழுதினார். 1984 முதல் 1987 வரை 1,469 நீர்நிலைகளை ஒவ்வொன்றாக ஆய்வு செய்தபோது, ஏறத்தாழ நான்கில் ஒன்றில் மீனே அகப்படவில்லை. அத்தனைக்கும் அமிலம்தான் காரணம் என்று சொல்ல முடியாது, சில சதுப்புக் குளங்கள் இயற்கையாகவே மீனுக்கு ஒவ்வாதவை. ஆனாலும் பெரியவர்கள் மீன் பிடித்த குளத்தில் பிள்ளைகளுக்குக் கண்ணாடிபோலத் தெளிந்த வெறும் தண்ணீர் மிஞ்சியதற்கு அமிலத்தைத் தவிர வேறு விளக்கம் இல்லை. டிரவுட்டின் பெயரையே தாங்கிய புரூக்டிரவுட் ஏரி டிரவுட் இல்லாமல் கிடந்தது.

இந்த மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். ஏற்ற பிறகும் என் வாதம் விழுந்துவிடவில்லை, அதன் எல்லை தெளிவாகிறது. நடைப்பாதை வாளியைத் தடுக்கும், புகைபோக்கியைத் தடுக்காது. புகைபோக்கியைத் தடுக்கச் சட்டமன்றம் வேண்டும். 1990இல் அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தி மின்நிலையங்களின் கந்தக டை ஆக்சைடுக்கு உச்சவரம்பு வைத்தார்கள். அந்த ஆண்டு ஒன்றரைக் கோடி டன்னுக்கு மேல் இருந்த அந்தப் புகை 2020க்குள் பத்து லட்சம் டன்னுக்கும் கீழே இறங்கிவிட்டது. குளங்கள் உடனே தேறிவிடவில்லை. மண் இழந்த கால்சியம் திரும்பச் சேர நீண்ட காலம் ஆகும். ஆனாலும் 2005இல் புரூக்டிரவுட் ஏரியில் மறுபடி டிரவுட் குஞ்சுகளை விட்டபோது அவை பிழைத்தன. இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. தண்ணீர் தேறிய பிறகு அந்த ஏரியை டிரவுட்டுக்கே திருப்பிக் கொடுக்க முடிந்தது, அதற்குள் வேறு மீன் குடியேறியிருக்கவில்லை என்பதால். தூரத்துக்கும் சட்டத்துக்கும் ஒன்றின் வேலையை மற்றது செய்ய முடியாது, இரண்டும் ஒருசேர இருந்தால்தான் குளம் மீளும்.

அடுத்த மறுப்பு: தொலைதூரக் குளத்தின் 'இயற்கை' என்பதே பாதி பொய்தானே, அரசாங்கம் அதை ஆண்டுதோறும் ஒப்பனை செய்துகொண்டுதானே இருக்கிறது என்பது. உண்மைதான். பெர்ச் நிரம்பிய குளங்களில் 1950களிலிருந்து ரோட்டினோன் என்ற பொருளைக் கலந்து எல்லா மீனையும் அழித்துவிட்டு, நஞ்சு முறிந்த பிறகு டிரவுட்டை மட்டும் விட்டு வளர்த்திருக்கிறார்கள். அவரைக் குடும்பத்துச் செடிகள் சிலவற்றின் வேரிலிருந்து எடுப்பது அது. நம் கொழிஞ்சிக்கு உறவான செடிகளை உலகின் பல இடங்களில் மீன் மயக்கப் பயன்படுத்தியது இதே தத்துவத்தில்தான். சாலையில்லாக் குளங்களுக்கு விமானத்திலும் ஹெலிகாப்டரிலும் கொண்டுபோய் விரல் நீள டிரவுட் குஞ்சுகளை மேலிருந்தே கொட்டுகிறார்கள். ஆக, தனிமையில் கயாக்கில் மிதப்பவரின் தூண்டிலில் மாட்டும் மீன் வானத்திலிருந்து விழுந்த மீனாகவும் இருக்கலாம். ஒரு குளத்தை நஞ்சிட்டுத் துடைப்பது எனக்கும் உவப்பான செயல் அல்ல, அதில் தவளைக் குஞ்சும் பூச்சியும் சேர்ந்து சாகின்றன. ஆனால் அந்தச் சிகிச்சை தேவைப்பட்டதே முந்தைய தலைமுறையின் வாளிகளால்தான். சிகிச்சை நிலைக்கிறதா என்பதும் அதே கேள்வியில் போய் நிற்கிறது. துடைத்த குளத்துக்கு எளிதான வழி இருந்தால், சில ஆண்டுகளில் பெர்ச் மறுபடி வந்துவிடும், மறுபடி நஞ்சு. எட்டாத குளத்தில் ஒருமுறை செய்தது நெடுநாள் தாங்கும். பாரம்பரிய வகைகளான விண்ட்ஃபால், ஹார்ன் லேக், லிட்டில் டப்பர் ஆகியவற்றின் வித்தைக் காப்பாற்றி வைக்கப் புதிய குளங்களைத் தேடும் மாநில மீன்துறைக்கும் அப்படிப்பட்ட இடங்களே வேண்டியிருக்கின்றன.

மூன்றாவது மறுப்புதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. சுமந்து போனால்தான் மீன் என்றால், முழங்கால் தேய்ந்தவருக்கும் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் என்ன வழி? பொதுச் சொத்து உடல்வலு உள்ளவர்களுக்கு மட்டுமா? இதற்கு 'காடு அப்படித்தான்' என்று சொல்வது கல்நெஞ்சம். ஏறத்தாழ 3,000 நீர்நிலைகளில் கார் போகும் குளங்களும், டிரவுட் விடப்படும் குளங்களும் நிறையவே உண்டு. மாற்றுத்திறனாளிகள் சில வனப்பாதைகளில் வாகனத்தில் செல்ல மாநிலம் தனி அனுமதியும் தருகிறது. இவற்றை இன்னும் கூட்டலாம், கூட்ட வேண்டும். ஆனால் எல்லாக் குளத்துக்கும் சாலை போடுவது சமத்துவமாகாது. அப்போது எல்லோருக்கும் சமமாகக் கிடைப்பது பெர்ச் மட்டுமே. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இலேசான படகு பலசாலிகளுக்காகப் பிறந்ததல்ல. நோயாளியான, வயதான, வழிகாட்டிக்குக் கூலி கொடுக்க முடியாத ஒருவர் கேட்டதால்தான் ரஷ்டன் அதைக் கட்டினார். அடிராண்டாக்கைப் பணக்காரர்களின் கையிலிருந்து கொஞ்சம் விடுவித்ததே அந்த ஐந்து கிலோதான். இன்றைக்கு உண்மையான அநீதி வேறு இடத்தில் இருக்கிறது. மலிவான நெகிழிக் கயாக் 20, 25 கிலோ கனக்கிறது, அதில் பாதிக்கும் குறைவான எடையுள்ள கெவ்லார், கார்பன் படகுகளின் விலை பல மடங்கு. சாலை கேட்பவர்கள் அதற்குப் பதிலாக, இலேசான படகை நியாயமான வாடகைக்குக் கிடைக்கச் செய்யும்படி கேட்டால் நானும் அவர்களோடு நிற்பேன்.

கயாக் என்ற பெயர் மட்டும் காவல் ஆகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். மீன்பிடிப்புக்கென்று விற்கும் கயாக்குகள் இப்போது பெருத்துக்கொண்டே போகின்றன. எழுந்து நிற்கத் தளம், மிதித்து ஓட்டப் பெடல், ஆழம் காட்டும் திரை, சிலவற்றில் மின்மோட்டார். எடை 40 கிலோவைத் தாண்டிவிட்டால் அது கேரிக்கு உதவாது, கார் நிற்கும் கரையிலேயே இறங்கும். பெரிய ஏரிக்கு அது நல்ல படகு, குறை சொல்ல எதுவும் இல்லை. இந்தக் குளங்களுக்கு அது பொருந்தாது, அவ்வளவுதான். இலேசான கயாக்கும்கூட ஒரு குளத்து நீர்ப்பாசியையோ முள் நீர்ப்பூச்சியையோ ஈரத்தோடு அடுத்த குளத்துக்குக் கொண்டுபோகலாம். மோட்டார் படகை அடிராண்டாக் நீரில் இறக்குபவர்கள் கழுவி, வடித்து, உலர்த்தியதற்குச் சான்று வைத்திருக்க வேண்டும் என்று 2022 முதல் சட்டம் இருக்கிறது. கயாக்குக்கு அந்தச் சான்று கட்டாயமில்லை, ஆகவே கயாக்காரரின் மனசாட்சிதான் காவல். தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டுக்கும் இதே நியாயம் பொருந்தும். அந்தக் குளங்களில் இரவில் அழும் 'லூன்' பறவை கீழே கிடக்கும் ஈயத்தைக் கூழாங்கல் என்று விழுங்கி நஞ்சேறிச் சாகிறது. அரை அவுன்ஸ் வரையிலான ஈயக்குண்டுகளை விற்க நியூயார்க் 2004இல் தடை விதித்தது. பழைய பெட்டியில் மிச்சமிருப்பதை எடுத்துப் போடாமல் இருப்பது மீன்பிடிப்பவரின் கையில்தான்.

மீன் மேல் இவ்வளவு அக்கறை இருந்தால் பிடிக்காமலே இருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நேர்மையான கேள்வி. குளத்தில் மீன் குறைவதை முதலில் கவனித்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் அங்கே தூண்டில் போடுபவர்களாக இருக்கிறார்கள். 1950இல் வந்த கூட்டாட்சிச் சட்டப்படி தூண்டில் சாமான்கள் மீது வசூலிக்கும் தனி வரி மாநிலங்களின் மீன் பாதுகாப்பு வேலைக்கே போகிறது. ஆனால் அதைச் சொல்லி எதையும் செய்ய உரிமை கோர முடியாது. குளிர்ந்த நீரில் பிடித்து, கையை நனைத்துக்கொண்டு, முள்ளைச் சட்டென்று கழற்றி விட்ட டிரவுட் பெரும்பாலும் பிழைக்கும். வெதுவெதுப்பான நீரில் நெடுநேரம் போராட வைத்து விட்டது, நீந்திப் போவதுபோல் போய் ஆழத்தில் சாகும். ஆகவே மே மாதத்தில் சாப்பாட்டுக்கு ஒன்றிரண்டை எடுத்துக்கொள்வது, ஆகஸ்டில் இருபதைப் பிடித்து இருபதையும் 'விட்டுவிட்டேன்' என்று சொல்வதைவிட மேலானது என்று நினைக்கிறேன்.

அந்த ஆகஸ்டுதான் இப்போது நீண்டுகொண்டே வருகிறது. அடிராண்டாக்கின் ராக் ஏரியில் கார்னெல் ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகள் தொடர்ந்து டிரவுட்டின் முட்டைக் குழிகளை எண்ணினார்கள். வெப்பம் மிகுந்த கோடைக்குப் பிந்திய இலையுதிர் காலத்தில் மீன்கள் தாமதமாக முட்டையிட்டன, குழிகளும் குறைந்தன. ஆழமில்லாத குளத்தில் ஒதுங்கக் குளிர் அடுக்கு இல்லை, ஊற்றுக்கண் மட்டுமே புகலிடம். வெயில் காலத்தில் ஒரு குளத்து டிரவுட் முழுவதும் ஒரு வீட்டு முற்றம் அளவுள்ள இடத்தில் நெருக்கியடித்து நிற்பதும் உண்டு. அந்த இடம் தெரிந்தவருக்கு அன்று மீன் பிடிப்பது ஒரு வேலையே அல்ல. அதனால் விவரம் தெரிந்தவர்கள் தூண்டில் பெட்டியில் ஒரு சிறிய வெப்பமானியையும் கொண்டு போகிறார்கள். கேரியைக் கடந்து படகை இறக்கியதும் அதை நரம்பில் கட்டிக் கீழே விடுவார்கள். 20க்கு மேல் காட்டினால் கம்பைப் பிரிக்காமலே குளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, படகைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்த வழியே திரும்பி நடக்கிறார்கள்.